எந்த நஞ்சு என்று கேளுங்கள்

“தங்கச்சி, இந்த ஏழு நாளும் சுகர் மாத்திரை போடக் கூடாதாம். அது சரிதானாம்மா?”

மலேசியாவின் பட்டர்வொர்த்தில் நான் மருந்தாளராக இருக்கும் கடைக்கு ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்த அக்கா கேட்டது இது. ஐம்பத்தைந்து வயதிருக்கும். கோயிலிலிருந்து நேராக வந்திருந்தார், நெற்றிச் சந்தனம் இன்னும் காயவில்லை. கையில் பளபளப்பான தாளில் ஒரு விளம்பரம்: இயற்கை முறை டீடாக்ஸ் (நஞ்சு நீக்கம்), ஏழு நாள், 1,280 வெள்ளி. கால் குளியல், மண் பூச்சு, நீராவி, குடல் கழுவல், மூன்று வேளையும் ஜூஸ். அடியில் பொடி எழுத்தில், சிகிச்சை முடியும்வரை இரசாயன மருந்துகளைத் தவிர்க்கவும் என்று போட்டிருந்தது.

அந்தக் கடைசி வரி இல்லாவிட்டால் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். மற்றதெல்லாம் பணம் போகிற விஷயம். அந்த வரி ஆளையே கொண்டுபோய்விடும்.

மாத்திரையை நிறுத்தவே நிறுத்தாதீங்க என்று சொன்னேன். “அப்ப உடம்புல இருக்கிற நஞ்சு எப்படிம்மா போகும்?” என்றார். நியாயமான கேள்விதான். அவருக்குப் பின்னால் நாலு பேர் மருந்துச் சீட்டோடு நின்றார்கள், உட்கார்ந்து விளக்க முடியவில்லை. அன்று சொல்ல முடியாததை இங்கே சொல்கிறேன்.

பெயர் இல்லாத நஞ்சு

அவர் விட்டுப்போன விளம்பரத்தை வீட்டில் மறுபடி படித்தேன். ‘நச்சு’, ‘கழிவு’ என்ற இரண்டு சொற்களும் பதினொரு இடத்தில் வருகின்றன. ஓரிடத்தில்கூட அந்த நச்சுக்குப் பெயர் இல்லை. ஈயமா, பாதரசமா, பூச்சிமருந்தா? உடம்பில் எங்கே தங்கியிருக்கிறது, எவ்வளவு இருக்கிறது, எந்த வழியாக வெளியே வரும், வந்துவிட்டது என்று எதை வைத்து அளப்பது? ஒன்றுக்கும் பதில் இல்லை. அந்த ஒரு நிலையத்தை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. 2009இல் பிரிட்டனில் ‘சென்ஸ் அபௌட் சயன்ஸ்’ என்ற அமைப்பின் இளம் விஞ்ஞானிகள் கடையில் விற்கும் பதினைந்து டீடாக்ஸ் பொருள்களை எடுத்துக்கொண்டு, டீடாக்ஸ் என்று நீங்கள் எதைச் சொல்கிறீர்கள் என்று தயாரிப்பாளர்களையே கேட்டார்கள். இரண்டு நிறுவனங்கள்கூட ஒரே பதிலைச் சொல்லவில்லை.

நஞ்சை நிஜமாகவே எடுப்பது எப்படி இருக்கும் என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு கசப்பான உதாரணம் உண்டு. 2018 செப்டம்பரில் சிலாங்கூர், கோலாலம்பூர் பக்கம் மெத்தனால் கலந்த மலிவு மதுவைக் குடித்து நாற்பது பேருக்கு மேல் இறந்தார்கள். மெத்தனால் உள்ளே போனதும் உடனே கொல்வதில்லை. கல்லீரல் அதைச் சாதாரண மதுவை உடைப்பதுபோலவே உடைக்கிறது. உடைந்தால் கடைசியில் வருவது ஃபார்மிக் அமிலம். கண்ணைப் பறிப்பதும் உயிரை வாங்குவதும் அதுதான். அதனால் மருத்துவமனையில் செய்யும் வைத்தியம் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு வேடிக்கையாக இருக்கும். குடித்து மயங்கி வந்தவருக்கு இன்னும் கொஞ்சம் நல்ல சாராயத்தை, அதாவது எத்தனாலை, அளந்து கொடுப்பார்கள். அல்லது ஃபோமெபிசோல் என்ற மருந்தை ஏற்றுவார்கள். கல்லீரலின் நொதிக்கு வேறு வேலை கொடுத்துவிட்டால் மெத்தனால் உடையாமல் இரத்தத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். அந்த அவகாசத்தில் டயாலிசிஸ் இயந்திரம் அதை வடித்து எடுத்துவிடும்.

இங்கே நஞ்சுக்குப் பெயர் உண்டு. இரத்தத்தில் அதை அளக்க முடியும். முறிவு மருந்து இருக்கிறது, வெளியேறும் வழி தெரியும். பாராசெட்டமாலை அளவுக்கு மேல் விழுங்கியவருக்கு அசெட்டைல்சிஸ்டீன் கொடுப்பதும், ஈயம் ஏறியவருக்கு அதைப் பிடித்திழுக்கும் மருந்தைக் கொடுப்பதும் இதே வகை. இப்படிப்பட்ட கேள்விகளுக்கு மருத்துவர்கள் ஃபோன் போட்டுக் கேட்கும் தேசிய நஞ்சு மையம் நம் பினாங்கிலேயே, அறிவியல் பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கிறது. அங்கே யாரும் ‘பொதுவான கழிவு’ என்று பேசுவதில்லை. என்ன குடித்தார், எவ்வளவு, எத்தனை மணிக்கு என்றுதான் தொடங்குவார்கள்.

காடிக்கு சர்வீஸ், உடம்புக்கு?

நஞ்சு என்பதே கற்பனை என்று நான் சொல்லவில்லை. உயிரோடு இருந்தாலே குப்பை சேரும். சாப்பிட்ட பருப்பிலும் மீனிலும் உள்ள புரதம் உடைந்தால் அம்மோனியா வருகிறது, அது மூளைக்கு ஆகாது. கல்லீரல் அதை யூரியாவாக மாற்றிவிட, சிறுநீரகம் வெளியே தள்ளுகிறது. வயதான சிவப்பணுக்கள் உடைந்தால் பிலிரூபின் வருகிறது. அது பித்தத்தோடு குடலில் இறங்கி, கடைசியில் மலத்துக்கு அந்த நிறத்தைக் கொடுக்கிறது. இந்த வேலை நின்றுபோனால் என்ன ஆகும் என்று தெரிய மஞ்சள் காமாலைக்காரரின் கண்ணைப் பார்த்தால் போதும்.

பெரியவர்களின் கல்லீரல் சுமார் ஒன்றரைக் கிலோ இருக்கும். நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் இரத்தம் அதன் வழியாகப் போகிறது. குடல் உறிஞ்சியதில் பெரும்பகுதி நேரே இதயத்துக்குப் போவதில்லை. சுங்கச் சாவடி மாதிரி முதலில் கல்லீரலில் நிற்க வேண்டும். அங்கே வேலை இரண்டு கட்டமாக நடக்கிறது. முதல் கட்டத்தில் நொதிகள் பொருளின் வடிவத்தைக் கொஞ்சம் மாற்றுகின்றன. இரண்டாவது கட்டத்தில் அதோடு வேறொரு மூலக்கூற்றை ஒட்டித் தண்ணீரில் கரையும்படி ஆக்குகின்றன. நெய்ப் பாத்திரத்தை வெறும் தண்ணீரில் கழுவினால் பிசுக்குப் போகாது, சோப்பு போட்டால் தண்ணீரோடு போய்விடும் அல்லவா? ஏறக்குறைய அதே வேலைதான்.

‘கல்லீரலைத் தூண்டிவிடும்’ என்று விளம்பரத்தில் வந்தால் நான் கொஞ்சம் பயப்படுவேன். காரணம், முதல் கட்டம் முடிந்து இரண்டாம் கட்டம் தொடங்காத நிலையில் சில பொருள்கள் முன்பைவிட மோசமானவை. பாராசெட்டமால் அதிகமானால் கல்லீரலைக் கெடுப்பது பாராசெட்டமாலே அல்ல, இப்படி நடுவில் உண்டாகும் ஒரு பொருள்தான். எதை எவ்வளவு தூண்டுவது என்று தெரியாமல் தூண்டிவிடுவது வைத்தியமாகாது.

சிறுநீரகக் கணக்கு இன்னும் ஆச்சரியமானது. இரண்டும் சேர்ந்து ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் நீரை வடிக்கின்றன. அதில் ஒன்றரை, இரண்டு லிட்டர் மட்டும் சிறுநீராகப் போகும், மிச்சமெல்லாம் திரும்ப உள்ளே. நம் இரத்தத்தில் செல்களை நீக்கிவிட்டால் இருக்கும் நீர் மூன்று லிட்டர்தான். ஆக, அது தினமும் அறுபது தடவை சலிக்கப்படுகிறது.

“காடிக்கு சர்வீஸ் பண்றோம், உடம்புக்குப் பண்ண வேண்டாமா?” என்பது டீடாக்ஸ் விற்பவர்கள் எல்லாரும் சொல்லும் வாசகம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் காடியின் எண்ணெய் வடிகட்டி அழுக்கைத் தனக்குள்ளேயே வைத்துக்கொள்ளும், அதனால் மாற்றுகிறோம். கல்லீரலும் சிறுநீரகமும் அழுக்கை மூட்டைகட்டி வைப்பதில்லை, வந்ததை வந்தபடி அனுப்பிவிடுகின்றன. குடலின் உள்தோல்கூட மூன்று முதல் ஐந்து நாளில் புதிதாகிவிடும். தன்னைத் தானே மாற்றிக்கொள்ளும் காடி இருந்தால் பக்கத்து ஊரான பிறையில் பாதி வொர்க்ஷாப் மூடிவிடும்.

உடம்பில் உண்மையிலேயே தங்கிவிடும் நஞ்சுகள் சில இருக்கின்றன, அதையும் மறைக்கக் கூடாது. ஈயம் எலும்பில் போய் உட்கார்ந்தால் பத்து, இருபது வருடம் அசையாது. டிடிடி, டயாக்சின் போன்றவை கொழுப்பில் பல வருடம் கிடக்கும். இவற்றை ஏழு நாள் ஜூஸ் என்ன செய்துவிடும்? கொழுப்பு சட்டென்று கரைந்தால் அதில் கிடந்தவை இரத்தத்தில் கூடத்தான் செய்யும், குறையாது.

கேரட்டுக்கும் நஞ்சு உண்டு

பிறையில் இருக்கும் என் அண்ணி போன வருடம் ஆன்லைனில் ஒரு கால் குளியல் இயந்திரம் வாங்கினார், 350 வெள்ளி. ஒரு பிளாஸ்டிக் தொட்டி, கம்பிச் சுருள் வைத்த குழாய் போன்ற ஒரு துண்டு, ஒரு மின்பெட்டி. தொட்டியில் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு, ஒரு கரண்டி உப்பு போட்டுக் காலை வைத்து சுவிட்சைப் போட்டால் தண்ணீர் முதலில் மஞ்சளாகும். பதினைந்து நிமிடத்தில் துருப்பிடித்த தகரத்தின் நிறம். அரை மணியில் மேலே நுரையும் அடியில் கறுப்புத் துகளுமாக, பார்க்கவே அருவருப்பாக இருக்கும். கூடவே ஓர் அட்டை: பழுப்பு என்றால் கல்லீரல், கறுப்புப் புள்ளி என்றால் கன உலோகம், நுரை என்றால் நிணநீர். அண்ணி தன் கல்லீரலை ஃபோனில் படம்பிடித்துக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் பசியாறப் போயிருந்தோம். மூன்றாம் படிவம் படிக்கும் அண்ணன் மகன்தான் ஆரம்பித்தான். “அத்தை, கால் வைக்காம போட்டுப் பாப்பமா?” புதுத் தண்ணீர், அதே அளவு உப்பு, தொட்டியில் யாருடைய காலும் இல்லை. இட்லி ஒரு ஈடு வெந்து இறங்குவதற்குள் மஞ்சள். தோசைக்கு மாறியபோது துரு நிறம். பிறகு அவன் ஒரு கேரட்டை உள்ளே போட்டு மறுபடி ஓட்டினான். அட்டைப்படி பார்த்தால் அந்தக் கேரட்டுக்குக் கல்லீரல் ரொம்ப மோசம். உப்பே போடாமல் ஓட்டியபோது தண்ணீர் கிட்டத்தட்ட தெளிவாகவே இருந்தது. கம்பிச் சுருளை வெளியே எடுத்துத் துடைத்துப் பார்த்தோம். புதிதாக வந்தபோது வழவழவென்று இருந்தது இப்போது அரித்துப்போய், குழிகுழியாக இருந்தது.

இது படிவப் பாடத்தில் வரும் மின்னாற்பகுப்புதான். உப்புத் தண்ணீரில் மின்சாரம் பாயும்போது இரும்புக் கம்பி அரிக்கிறது, அரித்த இரும்பு துருவாகித் தண்ணீரில் கலக்கிறது. உங்கள் கால் செய்வதெல்லாம் கொஞ்சம் அழுக்கும் சோப்பும் சேர்ப்பது, நுரை அதில் வருவது. 2012இல் கனடாவில் இதை ஒழுங்காகவே சோதித்தார்கள். காலோடும் காலில்லாமலும் தண்ணீரை எடுத்து, சிறுநீரையும் முடியையும் சேர்த்து உலோகங்களை அளந்தார்கள். கால் வழியாக நச்சு உலோகம் வெளியேறியதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. அந்த ஆய்வில் அங்குள்ள இயற்கை மருத்துவக் கல்லூரி ஆட்களும் இருந்தார்கள் என்பதைக் குறிப்பிட வேண்டும், எதிராளிகள் எழுதியது என்று ஒதுக்கிவிட முடியாது.

இரவில் உள்ளங்காலில் ஒட்டிக்கொள்ளும் பட்டைகளும் இதே கதை. அவற்றில் இருக்கும் மரவினிகர்ப் பொடி ஈரம் பட்டால் கறுக்கும். கெட்டில் ஆவியில் காட்டினாலும் கறுக்கும்.

இன்னொன்று இதைவிட நம்பும்படியாக இருக்கும். கல்லீரல் சுத்தம் என்ற பெயரில் மாலையில் எப்சம் உப்பு, பிறகு அரைக் குவளை ஆலிவ் எண்ணெய், கூடவே எலுமிச்சைச் சாறு. மறுநாள் கழிப்பறையில் பச்சைப் பச்சையாகக் கல் கல்லாக வந்து விழும். பித்தப்பைக் கல் வெளியேறிவிட்டது என்பார்கள். 2005இல் லான்செட் மருத்துவ இதழில் நியூசிலாந்து மருத்துவர்கள் இப்படி ஒரு பெண் கொண்டுவந்த ‘கற்களை’ச் சோதித்து எழுதினார்கள். பித்தக் கல்லின் கொலஸ்ட்ராலும் இல்லை, கால்சியமும் இல்லை. அவை சோப்பு. குடித்த எண்ணெயும் சாறும் குடலில் ஜீரண நீரோடு சேர்ந்து அங்கேயே உருண்டவை. அவருடைய உண்மையான கற்கள் பித்தப்பையிலேயே இருந்தன, பிறகு அறுவை செய்துதான் எடுக்க வேண்டியிருந்தது. குடல் சுத்தப் பொடி குடித்தவர்கள் காட்டும் கயிறு போன்ற ‘பழைய கழிவு’ம் பெரும்பாலும் அந்தப் பொடியில் இருந்த இசப்கோலும் களிமண்ணும் திரண்டதுதான். தினமும் குழாய் விட்டுக் குடலைப் பார்க்கும் மருத்துவர்கள் அப்படி ஒட்டிக்கிடக்கும் படலத்தைக் கண்டதில்லை.

விளக்கெண்ணெய்க் காலம்

குடல் கழுவலைப் பற்றிப் பேசினால் நம்மவர்களுக்கு ஒரு நியாயமான சந்தேகம் வரும். “எங்க அம்மா பள்ளி லீவுக்கு லீவு விளக்கெண்ணெய் குடுத்தாங்களே, அது பொய்யா?” எனக்கும் கொடுத்தார்கள். சுங்கைப் பட்டாணி பக்கம் தோட்டத்தில் பாட்டி வீடு. காலை ஆறு மணிக்கு மூக்கைப் பிடித்து ஊற்றி, வாயில் ஒரு துண்டு எலுமிச்சை வைப்பார்கள். மத்தியானம் ரசம் சோறு மட்டும். சித்த மருத்துவ வழக்கில் நாலு மாதத்துக்கு ஒரு பேதி என்று சொல்வதும் உண்டு.

ஆனால் அந்தத் தோட்டத்து வாழ்க்கையை நினைத்துப் பாருங்கள். வெறுங்கால், திறந்தவெளிக் கழிப்பிடம், மண்ணில் விளையாட்டு. பிள்ளைகள் வயிற்றில் நாக்குப்பூச்சியும் கொக்கிப்புழுவும் சர்வசாதாரணம். பேதிக்குப் பிறகு சில பிள்ளைகளுக்குப் பசி எடுத்ததில் அதிசயம் ஒன்றுமில்லை. அன்றைக்கு அதற்கு ஒரு காரணம் இருந்தது, கெட்டதுக்குப் பெயரும் இருந்தது: புழு. இன்று அதற்கு ஒரே ஒரு அல்பெண்டசோல் மாத்திரை போதும், மூக்கைப் பிடிக்க வேண்டியதில்லை. புழு இல்லாத வயிற்றை 300 வெள்ளி கொடுத்துக் குழாய் விட்டுக் கழுவுவதற்கு அந்தக் காரணம் பொருந்தாது.

கழுவலில் ஆபத்தும் இருக்கிறது. சோடியமும் பொட்டாசியமும் தாறுமாறாகலாம், குடலில் ஓட்டை விழுந்ததும் உண்டு. 1978 முதல் 1980 வரை அமெரிக்காவின் கொலராடோவில் ஒரு நிலையத்தில் சரியாகச் சுத்தம் செய்யாத குழாய் வழியாக அமீபா பரவி ஆறு பேர் இறந்தார்கள். சுத்தம் செய்து வைத்த குழாய்தான் என்று நம் ஊர் நிலையத்தார் சொல்வார்கள். நானாக இருந்தால் போக மாட்டேன், அவ்வளவுதான்.

இடையில் ஒன்று. இதெல்லாம் நம் பாட்டன் பூட்டன் சொத்து என்று பெருமையாகச் சொல்பவர்கள் நிறைய. நேச்சுரோபதி, அதாவது இயற்கை மருத்துவம், என்று இன்று நடக்கும் மண் பூச்சு, தொட்டிக் குளியல் பலவும் 19ஆம் நூற்றாண்டு ஜெர்மனியில் உருவானவை. லைப்சிக் நகரில் இருந்த லூயி கூனே, எல்லா நோய்க்கும் காரணம் ஒன்றே, உடம்பில் தேங்கும் அந்நியப் பொருள்தான் என்றார். காந்தி தென்னாப்பிரிக்காவில் இருந்தபோதே இவற்றைப் படித்து வயிற்றில் மண் பூசிக்கொண்டார், அவர் வழியாக இந்தியாவில் வேரூன்றியது. வாத, பித்த, கபம் பார்க்கும் சித்த மருத்துவம் வேறு வழி. இன்றைய விளம்பரத்தின் ‘கழிவு’ கூனேயின் குரல்.

இரண்டாம் நாள் தலைவலி

ஜூஸ் விரதத்துக்கு வருவோம். போய்வந்தவர்கள் சொல்வது பொய்யில்லை: மூன்று நாளில் இரண்டு கிலோ இறங்கியது, இரண்டாம் நாள் தலை பிளந்தது, பிறகு உடம்பு பஞ்சு மாதிரி ஆனது. இவை மூன்றுக்கும் காரணம் தெரியும்.

கல்லீரலும் தசையும் சேர்ந்து சுமார் அரைக் கிலோ மாவுச்சத்தைக் கிளைக்கோஜனாகச் சேமித்து வைக்கின்றன. ஒவ்வொரு கிராமும் ஏறத்தாழ மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சோறு நின்றால் முதலில் கரைவது இதுதான், தண்ணீரும் கூடவே போய்விடும். தராசில் தெரியும் இரண்டு கிலோவில் கொழுப்பு கொஞ்சம்தான். சனிக்கிழமை நாசி கண்டார் சாப்பிட்டால் திங்கட்கிழமை எல்லாம் திரும்பியிருக்கும்.

தலைவலிக்கு நிலையத்தில் ‘நச்சு வெளியேறும் அறிகுறி’ என்று பெயர். நாளைக்கு மூன்று கோப்பியும் இரண்டு தே தாரேக்கும் குடித்த ஆளிடம் அவற்றைச் சட்டென்று பிடுங்கினால் பன்னிரண்டு முதல் இருபத்துநாலு மணி நேரத்துக்குள் தலைவலி தொடங்கும். இரண்டாம் நாள் உச்சம். ஒரு வாரத்துக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். காஃபீன் நின்றதால் வருவது இது. இந்தக் கால அட்டவணையும் டீடாக்ஸ் தலைவலியின் அட்டவணையும் அப்படியே பொருந்திப் போவதைக் கவனியுங்கள். போதாக்குறைக்கு, அளவாகக் குடிக்கும் கோப்பி கல்லீரலுக்கு நல்லது என்பதற்குத்தான் ஆய்வுகள் சாதகமாக இருக்கின்றன.

பிறகு வரும் அந்த இலேசான உணர்வு? ஏழு நாள் பொரித்தது இல்லை, பின்னிரவுச் சாப்பாடு இல்லை, சிகரெட் இல்லை, மது இல்லை, பத்து மணிக்குத் தூக்கம், ஃபோன் குறைவு, வேளாவேளைக்குக் காய்கறி. யாருக்குத்தான் நன்றாக இருக்காது? மாலை போட்டு நாற்பத்தெட்டு நாள் தைப்பூச விரதம் இருந்தவர்கள் இதே இலேசைச் சொல்வார்கள், அவர்கள் யாரும் அதை நஞ்சு நீக்கம் என்று விற்பதில்லை. விற்பனைக்கு இருக்கும் டீடாக்ஸ் உணவுமுறைகளைப் பற்றி 2015இல் வந்த ஒரு மறுஆய்வு, அவற்றில் ஒன்றுகூட மனிதர்களிடம் முறையான ஒப்பீட்டுச் சோதனைக்கு உட்படவில்லை என்று எழுதியது.

இதனால் என் தீர்ப்பு என்ன? மண் பூச்சு, நீராவி, எண்ணெய்த் தேய்ப்பு, சும்மா படுத்திருத்தல்: பிடித்திருந்தால், வசதி இருந்தால், இதய நோயோ கர்ப்பமோ இல்லாவிட்டால் போங்கள். வியர்வையில் போவது தண்ணீரும் உப்பும், மற்றது கணக்கில் வராத அளவு. அனுபவத்துக்குத்தான் காசு, நஞ்சுக்கு இல்லை. குடல் கழுவல், எண்ணெய்க் குடி, கால் குளியல்: வேண்டாம். ஜூஸ் மட்டும் குடித்து நாள் கணக்கில் இருப்பது: மாத்திரை சாப்பிடும் யாருக்கும் வேண்டவே வேண்டாம்.

மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு

இந்த இடத்தில் கொஞ்சம் நின்றுதான் போக வேண்டும். 2023 தேசியச் சுகாதார ஆய்வின்படி நம் நாட்டில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இனவாரியாகப் பார்த்தால் நம்மவர்கள்தான் முன்னால் நிற்கிறோம். டீடாக்ஸ் நிலையத்துக்குப் போகும் ஐம்பது வயதுக்காரர்களில் சுகர் மாத்திரை இல்லாதவரைத் தேட வேண்டியிருக்கும்.

ஒரு நாள் காலை பதினொரு மணிக்கு ஒரு மாமா கடை வாசலில் வியர்த்து, கை நடுங்கி உட்கார்ந்துவிட்டார். இரண்டு நாளாகக் காய்ச் சாறு மட்டும், ஆனால் சுகரை இறக்கும் கிளிக்லசைட் மாத்திரையை வழக்கம்போலப் போட்டிருக்கிறார். விரலைக் குத்திப் பார்த்தேன், சுகர் 3.1 மில்லிமோல். நாலுக்குக் கீழே போனாலே ஆபத்து. மூன்று கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, கால் மணி கழித்து மறுபடி பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. மாத்திரையை நிறுத்திவிட்டுப் பழச்சாறு குடித்தால் எதிர்ப்பக்கம் விபத்து. ஒரு குவளை ஆப்பிள் சாற்றில் ஆறு கரண்டி சீனிக்குச் சமமான சர்க்கரை, நார்ச்சத்து ஏறக்குறைய பூஜ்யம். டாபாகிளிஃப்லோசின், எம்பாகிளிஃப்லோசின் என்ற சுகர் மாத்திரைகளைச் சாப்பிடுகிறவர்கள் பட்டினி கிடந்தால் இன்னொரு வில்லங்கம்: மீட்டரில் சுகர் பெரிதாக ஏறாமலே இரத்தம் அமிலமாகிவிடலாம். வாந்தி, மூச்சு வாங்கல் வந்தால் நேரே மருத்துவமனை அவசரப் பிரிவு.

இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர் திடீரென்று கீரைச் சாறாகக் குடித்தால் அதிலுள்ள வைட்டமின் கே மருந்தின் வேலையைக் கெடுக்கும். கரித்தூள் கலந்த கறுப்பு ஜூஸ், நஞ்சோடு சேர்த்து நீங்கள் போட்ட மாத்திரையையும் பிடித்துக்கொண்டு போய்விடும். சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு நட்சத்திரப் பழம், நம் பாசாரில் விற்கும் பெலிம்பிங், ஒரு குவளைகூட ஆகாது. அதிலிருக்கும் காரம்பாக்ஸின் என்ற பொருளைச் சிறுநீரகம் வெளியேற்ற முடியாமல் போனால் விடாத விக்கல், குழப்பம், வலிப்பு, உயிருக்கே ஆபத்து. இதைத்தான் ‘சிறுநீரகத்தைச் சுத்தப்படுத்தும் ஜூஸ்’ என்று ஒருவர் என்னிடமே சிபாரிசு செய்தார்.

பொடி, மாத்திரை, டீத்தூள் என்று கொடுத்தால் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். மருந்தாகப் பதிவானதென்றால் எம்.ஏ.எல். (MAL) என்று தொடங்கும் எண்ணும் ஹோலோகிராம் ஒட்டியும் இருக்கும். பாரம்பரிய மருந்தானால் எண்ணுக்குப் பின்னால் டி (T) என்ற எழுத்து வரும். பதிவு என்பது பலன் தரும் என்ற சான்றிதழ் அல்ல, உள்ளே வேறெதையும் கலக்கவில்லை என்பதற்கு ஓரளவு காவல். உடல் இளைக்க விற்கும் பதிவில்லாத பொருள்களில் தடை செய்யப்பட்ட சிபுட்ராமைனும், மூட்டுவலிக்கான ஜாமு என்ற மூலிகை மருந்தில் ஸ்டீராய்டும் நம் நாட்டில் திரும்பத் திரும்பப் பிடிபடுகின்றன. 2008இல் அமெரிக்காவில் இணையத்தில் விற்ற ஆயுர்வேதப் பொருள்கள் 193ஐச் சோதித்தபோது ஐந்தில் ஒன்றில் ஈயமோ பாதரசமோ ஆர்செனிக்கோ இருந்தது. உடம்பில் இல்லாத நஞ்சை எடுக்கப் போய் இருக்கிற நஞ்சை வாங்கி வருவது என்றால் இதுதான்.

சிகிச்சை கொடுப்பவரைப் பற்றியும் கேட்கலாம், தப்பில்லை. பாரம்பரிய, துணை மருத்துவத்துக்கென்றே 2016இல் ஒரு சட்டம் வந்திருக்கிறது, எண் 775. பதிவு பெற்றவரா, எந்தத் துறையில் என்று கேளுங்கள். கூடவே, எந்த நஞ்சு, சிகிச்சைக்கு முன்னும் பின்னும் எதை அளப்பீர்கள் என்றும் கேளுங்கள். பதில் வரும்போது முகத்தைப் பாருங்கள்.

கல்லீரல் பற்றி உண்மையிலேயே கவலை இருந்தால் பக்கத்து அரசாங்கக் கிளினிக் கெசிஹாத்தானில் ஒரு வெள்ளிக்கு மருத்துவரைப் பார்க்கலாம். கல்லீரல், சிறுநீரகம், சர்க்கரை எல்லாவற்றுக்கும் இரத்தப் பரிசோதனை எழுதித் தருவார்கள். கொழுப்புக் கல்லீரல் என்று வந்தால் அதற்கு நிரூபணமான வழி உடல் எடையில் ஏழு முதல் பத்து விழுக்காட்டை மெதுவாகக் குறைப்பதுதான். எண்பது கிலோக்காரருக்கு ஆறு, எட்டு கிலோ. மாதக்கணக்கில் ஆகும், விளம்பரத்தாளுக்கு உதவாத வைத்தியம்.

அந்த அக்கா ஒரு மாதம் கழித்து மறுபடி வந்தார், சுகர் மீட்டருக்குப் பட்டை வாங்க. இரத்தப் பரிசோதனை செய்துவிட்டாராம், கல்லீரலில் கொஞ்சம் கொழுப்பு, மற்றது பரவாயில்லை. டீடாக்ஸ் என்ன ஆச்சு என்று கேட்டேன். ஏழு நாள் வேண்டாம் என்று சொல்லிவிட்டு மண் பூச்சும் நீராவியும் மட்டும் ஒரு நாள், 90 வெள்ளிக்குப் போய்வந்தாராம். மாத்திரை போட்டுவிட்டுத்தான் போனேன் என்று முந்திக்கொண்டு சொன்னார்.

“எப்படிக்கா இருந்துச்சு?”

“நஞ்சு போச்சா தெரியலம்மா. ஃபோனை வாங்கி வச்சிட்டாங்க. மூணு மணி நேரம், ஒருத்தர்கூட என்னைக் கூப்பிடல.” சில்லறையை எண்ணிப் பைக்குள் போட்டார். “அடுத்த மாசமும் போவேன்.”